ஐம்பத்தோராவது பெண்

நீண்ட பதிவு. ஆய்வுக்கு இடையே எழுதியது. பொறுமையுள்ள நண்பர்கள் வாசிக்கலாம்.

தாகுரியாவில் நான் தங்கியிருக்கும் வீட்டில் பாத்திரம் துலக்கித் தரை துடைத்துச் செல்லும் பெண்மணி என்னைத் ‘திதி’ என்பார். நானும் அவரைத் ‘திதி’ என்றே அழைப்பேன். என்னைவிட ஓரிரு வயது மூத்தவராக இருக்கலாம். கணவர் விட்டுச் சென்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மகளுக்கும் ஏறத்தாழ அதே வயது. இரயில் பாதையோரக் குடியிருப்பில் ஓர் அறை. ஒரு நாள் வேலை முடிந்த பிறகும் போகாமல் வாசலில் நின்றார். தமக்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும் என்றார். பக்கத்தில் ஒரு தன்னார்வ அமைப்பு நடத்தும் பிள்ளைக் காப்பகத்தில் மகளைச் சேர்க்கப் போனாராம். தாய் வேலைக்குப் போகிறவர் என்பதற்கு, மாதத்தில் குறைந்தது 15 நாளாவது வேலை செய்கிறார் என்பதற்கு, வேலை கொடுப்பவரிடமிருந்து எழுத்து வேண்டும் என்றார்களாம்.

அவர் மாதத்தில் 28 நாள் வேலை செய்கிறார். ஆனால் ஐந்து வீடுகளில், வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம். முதல் வீட்டில் கேட்டபோது, “எழுதிக் கொடுத்தால் நாளைக்கு வேறு ஏதாவது கேட்டு வருவார்கள்” என்றார்களாம். இரண்டாவது வீட்டில், “மற்ற வீட்டில் கேளேன்.” மூன்றாவது வீடு எங்களுடையது. அவருக்கு ‘வேலை கொடுப்பவர்’ என்ற பட்டியலில் நானும் ஒருத்தி என்பது அதுவரை எனக்கே உறைக்கவில்லை. தொழிலாளர் சட்டங்களின் மொழியைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள் இதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் உண்டு. எனினும் இப்பதிவு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வேலை இருந்தால்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்வோம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால்தான் வேலைக்குப் போக முடியும். இந்த முடிச்சு எப்போது விழுந்தது என்று தேடினால், காப்பகம் என்ற அமைப்பு பிறந்த நாளிலேயே விழுந்திருக்கிறது. 1844இல் பாரிஸ் நகரில் ஃபிர்மேன் மார்போ என்பவர் முதல் ‘க்ரெஷ்’ஷைத் தொடங்கினார். பிரெஞ்சில் அச்சொல்லுக்குத் தீவனத் தொட்டி என்று பொருள். குழந்தை இயேசுவைக் கிடத்திய தொழுவத் தொட்டியின் நினைவு அதில் உண்டு. மார்போவின் விதி தெளிவானது: தாய் ஏழையாக இருக்க வேண்டும், நன்னடத்தை உடையவராக இருக்க வேண்டும், வீட்டுக்கு வெளியே வேலை செய்பவராக இருக்க வேண்டும். நன்னடத்தை என்ற நிபந்தனை காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. மூன்றாவது நிபந்தனை கப்பலேறி உலகெங்கும் சென்றது.

(சொல் பற்றி ஓர் இடைக்குறிப்பு. இலங்கை மலையகத் தோட்டங்களில் இதே அமைப்புக்குப் ‘பிள்ளை மடுவம்’ என்று பெயர். கொழுந்து நிறுக்கும் கொட்டகை ‘கொழுந்து மடுவம்’. மலாயாத் தோட்டங்களில் ‘ஆயாக் கொட்டகை’. தொழுவம், மடுவம், கொட்டகை. பிள்ளையை எங்கே வைத்தார்கள் என்பதைப் பெயர்களே சொல்லிவிடுகின்றன.)

இனிக் கல்கத்தாவுக்கு வருவோம். 1855இல் ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை தொடங்கியது. அடுத்த எழுபது ஆண்டுகளில் ஹூக்ளி ஆற்றின் இரு கரைகளிலும் டிட்டாகர், நைஹாட்டி, பாட்பாரா, காங்கிநாரா, பஜ்பஜ் என்று ஆலைகள் வரிசை பிடித்தன. 1920களின் இறுதியில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றில் வேலை செய்தனர். ஏறத்தாழ ஆறில் ஒருவர் பெண். யார் அந்தப் பெண்கள்? பீகாரிலிருந்தும் ஐக்கிய மாகாணத்திலிருந்தும் ஆண்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டே வந்தனர். அதனால் அப்பகுதிகளிலிருந்து ஆலைக்கு வந்த பெண்களில் பலர் கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், ஊரில் இடமில்லாமல் போனவர்கள். வங்கச் சணல் ஆலைப் பெண்களின் வரலாற்றை எழுதிய சமிதா சென்னின் நூலில் இந்தச் சித்திரம் விரிவாக உள்ளது. ஆலைகளில் ‘மதராசி’ என்று அழைக்கப்பட்ட பெண்கள் மட்டும் பெரும்பாலும் குடும்பத்தோடு வந்தவர்கள். நம்மவர்கள் என்று மகிழ வேண்டாம். சென்னை மாகாணத்தின் வடகோடியான கஞ்சம், விசாகப்பட்டினம் பகுதிகளிலிருந்து வந்த தெலுங்கு பேசும் மக்கள் அவர்கள். விந்தியத்துக்குத் தெற்கே எல்லோரையும் ஒரே சொல்லில் அடைக்கும் பழக்கத்துக்கு இது ஒரு பழைய சான்று.

இப்பெண்களின் வேலைகள் இரண்டு வகை. ஒன்று, சணலைப் பதப்படுத்தி எந்திரத்தில் இடும் தொடக்கநிலை வேலை. மற்றொன்று, சாக்குப் பைகளைக் கையால் தைக்கும் வேலை. தையலுக்குக் கூலி எண்ணிக்கைக்கு. எத்தனை சாக்கு தைத்தாயோ அத்தனைக்குக் காசு. வரும் நேரம் போகும் நேரம் பற்றி நெருக்கடி குறைவு. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வரலாம், அடுப்பு மூட்டிவிட்டு வரலாம். ஆலை நிர்வாகத்தின் பார்வையில் இது பெண்களுக்கு ‘இயல்பான’ எளிய வேலை, எனவே குறைந்த கூலி. தாயின் பார்வையில் கணக்கு வேறு. கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை அதுதான். ‘பகுதிநேர வேலை’ என்ற சொல் புழக்கத்துக்கு வரும் முன்பே பகுதிநேர வேலை இப்படி இருந்தது.

எந்திரப் பகுதியில் நிலைமை கடுமையானது. 1923இல் மருத்துவர் டாக்மர் கர்ஜெல் வங்கத் தொழில்களில் பெண்களின் வேலை பற்றி அரசுக்காக ஓர் அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையிலும் அக்காலத்துப் பிற நேரடிக் குறிப்புகளிலும் சாக்கு விரிப்பின் மீதும் நூற்கட்டைப் பெட்டிகளுக்குள்ளும் கிடத்தப்பட்ட கைக்குழந்தைகள் வருகின்றனர். சுற்றிலும் சணல் தூசி, ஓடும் எந்திரம். குழந்தை அழாமல் உறங்க அபின் கொடுக்கும் வழக்கம் அன்றைய ஆலை நகரங்களில் பரவலாக இருந்தது. அதைத் தாய்மாரின் அறியாமை என்று எழுதிவிட்டுப் போனவர்கள் பலர். பத்து மணி நேரம் வேறு யாரும் பார்த்துக்கொள்ளாத ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்திருக்கலாம் என்ற கேள்வியை எழுதியவர்கள் சிலரே.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1930ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை பல ஆலைகளில் ‘பல ஷிப்ட்’ முறை இருந்தது. ஒன்றோடொன்று மேற்கவியும் நேரங்களில் ஆட்கள் மாறி மாறி வேலை செய்வார்கள். நடுவே வீட்டுக்குப் போய்வர இடைவெளி கிடைக்கும். பின்னர் ஆலைகள் ஒற்றை ஷிப்ட்டுக்கு மாறின. கண்காணிப்பு எளிதாயிற்று, ஆட்குறைப்பும் நடந்தது. இடைவெளியை நம்பி வேலைக்கு வந்த பெண்ணுக்கு அந்த மாற்றம் என்ன செய்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு வேண்டியதில்லை.

இக்காலத்தில்தான் ஜே. எச். விட்லி தலைமையிலான அரசத் தொழிலாளர் ஆணையம் இந்தியாவைச் சுற்றிவந்தது. 1929இல் அமைந்து 1931இல் அறிக்கை தந்த அந்த ஆணையம், 250 அல்லது அதற்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அந்த எண்ணை 50க்கு இறக்கியது. ஐம்பதுக்கு மேல் பெண்கள் இருந்தால் பிள்ளைகளுக்கு அறை ஒதுக்கும்படி மாகாண அரசு விதி செய்யலாம். ‘செய்யலாம்’ என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அது ‘வேண்டும்’ ஆயிற்று. ஒரு விகுதி மாறப் பதினான்கு ஆண்டுகள். நடுவில் ஓர் உலகப்போர், ஒரு பஞ்சம், ஒரு பிரிவினை. 1976இல் ஐம்பது முப்பதாகக் குறைந்தது.

250, 50, 30. எண் இறங்கிக்கொண்டே வந்தது, நல்லதுதான். ஆனால் எதை எண்ணுகிறார்கள்? பிள்ளைகளை எண்ணவில்லை. ஒரே முதலாளியின் ஒரே வாசல் வழியே நுழையும் பெண்களை எண்ணுகிறார்கள். ஐம்பதாவது பெண் வரை பிள்ளை தாயின் பொறுப்பு. ஐம்பத்தோராவது பெண் உள்ளே நுழைந்த நொடியில் ஐம்பத்தொரு பேரின் பிள்ளைகளும் ஆலையின் பொறுப்பு. எனவே அந்த ஐம்பத்தோராவது பெண்ணைச் சேர்த்துக்கொள்வது முதலாளிக்குச் செலவு. சேர்க்காமல் விடுவது சேமிப்பு.

சணல் ஆலைகளில் பெண்கள் குறைந்ததற்குக் காப்பக விதியே காரணம் என்று சொல்ல மாட்டேன். அது பொய்யாகிவிடும். புதிய எந்திரங்கள் வந்தன, கைத்தையல் சுருங்கியது, இரவு வேலைத் தடை இருந்தது, 1939இல் வங்க மகப்பேற்று உதவிச் சட்டம் வந்தது, குடும்பத்தைத் தாங்குபவர் ஆண் என்ற எண்ணம் தொழிற்சங்கங்களிலும் வேரூன்றியது. ஆனால் பெண்ணின் பாதுகாப்புக்கென்று வந்த ஒவ்வொரு விதியும் பெண்ணை மட்டும் விலை கூட்டியது என்பதை மறுக்க இயலாது. ஆறில் ஒருவராக இருந்த பெண்கள் 1970களுக்குள் நூற்றுக்கு ஐவருக்கும் கீழே போயினர். காப்பகம் கட்டாயமானது, காப்பகத்துக்கு உரிய தாய்மார் வாசலுக்கு வெளியே நின்றனர்.

இங்கே ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். இதே வங்கத்தின் வடக்கே டார்ஜிலிங், டூவர்ஸ் தேயிலைத் தோட்டங்களுக்கு 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் பொருந்தியது. முதலில் அதுவும் ஐம்பது பெண்கள் என்றே கேட்டது. 1981இல் ஒரு திருத்தம்: ஐம்பது பெண்கள் இருந்தாலும் சரி, பெண் தொழிலாளரின் பிள்ளைகள் இருபது பேர் இருந்தாலும் சரி, காப்பகம் வேண்டும்; ஒப்பந்தக்காரர் வழியே வந்த பெண்களும் கணக்கில் சேர்வர். நான் படித்த சட்டங்களில் பிள்ளையை எண்ணத் தொடங்கிய வரிகளில் இது முக்கியமானது. பின்னர் 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் இன்னும் தெளிவாக வந்தது. வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐவர் வந்தால், அங்கே வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரைப் பிள்ளை பார்க்க அமர்த்தி அதே கூலி தர வேண்டும். நூறு நாள் வேலையில் இது எத்தனை இடங்களில் நடக்கிறது என்பது வேறு கதை. ஆனால் எண்ணும் முறை சரியானது. கணக்குத் தாயின் வேலை நேரத்திலிருந்து தொடங்காமல், மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஐந்து பிள்ளைகளிலிருந்து தொடங்குகிறது.

நகரத்துக்கு அந்தக் கணக்கு வரவில்லை. கட்டட வேலையிடங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள 1969இல் தில்லியில் மீரா மகாதேவன் ‘மொபைல் க்ரெஷஸ்’ அமைப்பைத் தொடங்கினார். காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமானம் நடந்த இடத்தில், கூடாரத்தில் தொடங்கிய வேலை அது. சட்டம் பின்தொடர இருபத்தேழு ஆண்டுகள் ஆயின; 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டமும் ஐம்பது பெண்களுக்கு மேல் என்ற பழைய வாய்பாட்டையே ஒப்பித்தது.

ஆலையையோ தோட்டத்தையோ சாராத பெண்களுக்கு என்று இருந்தது நடுவண் அரசின் காப்பகத் திட்டம். 1975இல் தொடங்கி, 2006இல் இராஜீவ் காந்தி பெயரில் விரிந்து, 2017இல் தேசியக் காப்பகத் திட்டம் என்று பெயர் மாறியது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு மாதக் கட்டணம் 20 ரூபாய். மாதத்தில் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் திறந்திருக்க வேண்டும். யாருக்கு? ‘மாதத்தில் குறைந்தது 15 நாள் அல்லது ஆண்டில் ஆறு மாதம்’ வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளுக்கு. என் வாசலில் நின்றவர் சொன்ன 15 நாள் இங்கிருந்து வந்ததுதான். இவ்விதியை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. நிரந்தர வேலை இல்லாதவரும் தகுதி பெறட்டும் என்றே பாதி மாதமாக வைத்திருப்பர். ஆனால் நாளை எண்ணும் விதிக்கு மணி தெரியாது. வேலை கொடுப்பவர் ஒருவராகத்தான் இருப்பார் என்ற ஊகமும் அதில் ஒளிந்திருக்கிறது.

2017இல் திட்டம் தன்னார்வ அமைப்புகளிடமிருந்து மாநில அரசுகளின் பொறுப்புக்கு மாறியது. செலவிலும் மாநிலங்கள் பங்கேற்க வேண்டியதாயிற்று. ஒரு காலத்தில் நாடு முழுதும் இருபதாயிரத்துக்கு மேல் இருந்த காப்பகங்கள் சில ஆண்டுகளில் ஏழாயிரத்துக்கும் கீழே சரிந்தன. 2022இல் ‘மிஷன் சக்தி’யின் கீழ் ‘பால்னா’ என்று மறுபெயர் சூட்டப்பட்டது. தொட்டில் என்று பொருள். (நம் ஊர்த் தொட்டில் குழந்தைத் திட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது 1992இல், பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்தது.) பால்னா ஆவணத்தில் ஒரு நல்ல வரி உண்டு: தாய் வேலைக்குச் செல்கிறாரா இல்லையா என்று பாராமல் எல்லாத் தாய்மாரின் பிள்ளைகளுக்கும் இடம். மார்போவின் நிபந்தனை, ஒரு திட்டத்தின் காகிதத்திலேனும், 178 ஆண்டுகளுக்குப் பிறகு விழுந்தது. காகிதத்திலிருந்து மேசைக்கு வர எத்தனை காலமாகும் என்பதைத் திதியின் அனுபவம் சொல்கிறது.

இந்த முடிச்சு நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கான உதவிக்கு 1988இல் வாரம் 24 மணி நேர வேலை தகுதியாக இருந்தது. 1992இல் அது 16 மணி நேரமாயிற்று. பிள்ளைக் காப்புச் செலவுக்கான உதவியும் பின்னர் இந்த 16ஐயே பற்றிக்கொண்டது. விளைவு, தனித்து வாழும் தாய்மார் சரியாகப் பதினாறு மணி நேர வேலையைத் தேடினர். பதினைந்து என்றால் ஒன்றுமில்லை. பதினாறு என்றால் காப்பகச் செலவில் பெரும்பங்கு கிடைக்கும். 2017 முதல் இங்கிலாந்தில் சிறு பிள்ளைகளுக்குத் தரப்படும் 30 மணி நேர இலவசக் காப்புக்கும், குறைந்தபட்சக் கூலியில் 16 மணி நேரத்துக்கு ஈடான வருவாய் வேண்டும். கோடு எங்கே கிழிக்கப்படுகிறதோ அங்கே வாழ்க்கைகள் வந்து நெருக்கியடித்து நிற்கும். ஆனால் அங்கே ஒரு வேறுபாடு உண்டு. பதினாறு மணி நேரத்துக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது.

நம் நாட்டிலும் சீட்டு உள்ளவர்களுக்கு வழி உண்டு. நடுவண் அரசுப் பெண் ஊழியருக்கு 2008 முதல் 730 நாள் பிள்ளை வளர்ப்பு விடுப்பு. 2018இல் அது துணையின்றிப் பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியருக்கும் விரிந்தது. ‘தனித்த பெற்றோர்’ என்ற வகை நம் விதிகளில் பெயரோடு தென்படும் அரிய இடங்களில் அது ஒன்று. 2017இல் மகப்பேற்று உதவிச் சட்டத் திருத்தம் ஐம்பது ‘பெண்கள்’ என்பதை ஐம்பது ‘ஊழியர்கள்’ என்று மாற்றியது. நாளுக்கு நான்கு முறை தாய் காப்பகத்துக்குப் போய்வரலாம். பெண்ணைச் சேர்த்தால்தான் செலவு என்ற பழைய பொறியை அவிழ்த்த அந்தச் சிறு சொல்மாற்றத்துக்காக அதை எழுதியவருக்கு நன்றி சொல்வேன். ஆனால் ஐந்து வீடுகளில் வேலை செய்பவருக்கு ஐந்து நிறுவனங்கள். ஒவ்வொன்றிலும் ஊழியர் எண்ணிக்கை ஒன்று.

வங்காளியில் இவ்வேலைக்கு ‘டிகே காஜ்’ என்று பெயர். ‘டிகா’ என்றால் ஒப்பந்தம், பேசி முடித்த வேலை. கொல்கத்தாவின் பஸ்திகளில் நிலம் வாடகைக்கு எடுத்துக் குடிசை கட்டியவரை ‘டிகா’ குடியானவர் என்றே 1949ஆம் ஆண்டுச் சட்டம் அழைத்தது. சொந்தமும் இல்லை, முழு வாடகையும் இல்லை. முழுநாள் தங்கி வேலை செய்பவர் ‘ராத்தினேர் லோக்’, அதாவது இரவும் பகலும் உள்ள ஆள். பிள்ளையைத் தனியே வளர்க்கும் பெண் இரவும் பகலும் உள்ள ஆளாக இருக்க இயலாது, எனவே ‘டிகே’. சமிதா சென்னும் நீலாஞ்சனா சென்குப்தாவும் கொல்கத்தா வீட்டுப் பணியாளர் பற்றி எழுதிய நூல் இப்பெண்களின் நாளைப் பின்தொடர்கிறது. காலையில் கேனிங் வழித்தட இரயில்கள் பாலிகஞ்சிலும் தாகுரியாவிலும் இறக்கிவிடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நூல் தேவையில்லை. 2018இல் மேற்கு வங்க வீட்டுப் பணியாளர்களின் சங்கமான ‘கிருஹ பரிசாரிகா சமிதி’ தொழிற்சங்கமாகப் பதிவு பெற்றது. தொழிலாளர் என்று ஒரு காகிதம் சொல்வதற்கே அத்தனை காலம்.

சாக்குத் தைத்தவரும் பாத்திரம் துலக்குபவரும் பகுதிநேர வேலையைத் தேர்ந்தது ஒரே காரணத்தால்தான். பிள்ளையைப் பார்க்க வேறு ஆள் இல்லை. ஆகவே நேரத்தைத் துண்டு துண்டாக விற்றனர். துண்டு துண்டாக விற்றதால் வேலை என்று எண்ணப்படவில்லை. எண்ணப்படாததால் பிள்ளையைப் பார்க்க ஆள் கிடைக்கவில்லை.

கடிதத்தை எழுதினேன். “இவர் எங்கள் வீட்டில் நாள்தோறும் வேலை செய்கிறார்” என்று மட்டும் எழுதிக் கையொப்பமிட்டேன். பணியளிப்பவர் என்ற இடத்தில் என் பெயர். அதை எழுதும்போது கை சற்றுத் தயங்கியது. அந்த முதல் வீட்டாரின் அச்சம் எனக்கும் இருந்திருக்கிறது என்று அப்போது தெரிந்தது. திதி கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

இடம் கிடைத்துவிட்டது. காப்பகம் காலை ஒன்பதரைக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடுகிறது. திதியின் முதல் வீடு காலை ஆறு மணிக்கு, கடைசி வீடு மாலை ஆறரைக்கு. அந்த மாலை வீட்டை விட்டுவிட்டார். காலை ஆறு முதல் ஒன்பதரை வரை மகள் பக்கத்து அறைக் கிழவியிடம் இருக்கிறாள். அதற்கு மாதம் முந்நூறு ரூபாய். எங்கள் வீட்டுக்கு இப்போது பத்து மணிக்கு வருகிறார்.